விரல் விரித்ததெல்லாம் அறுகு இல்லை

போன பிள்ளையார் சதுர்த்திக்கு முதல் நாள் சாயங்காலம் கோயில் வாசலில் ஒரு கட்டு அறுகம்புல் வாங்கினேன். வீட்டுக்கு வந்து வாழைநாரை அவிழ்த்து உதறினால், உள்ளே மூன்று விதம். ஒன்று அறுகு. இன்னொன்று காக்காய்க்கால் புல். மூன்றாவது புல்லே இல்லை, கோரை. மறுநாள் பூக்காரம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னேன். "பச்சையா இருந்தா எல்லாம் புல்லுதான் தம்பி. பிள்ளையார் என்ன பூதக்கண்ணாடி வெச்சா பாக்கப் போறாரு?" என்றார்.

பிள்ளையார் பார்க்க மாட்டார். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் அறுகம்புல் சாறு குடிக்கிறவர் பார்த்தாக வேண்டும். வயலில் களை எடுக்கிறவரும் பார்த்தாக வேண்டும். காக்காய்க்கால் புல்லை விதை விழுவதற்கு முன் பிடுங்கிப் போட்டால் அந்தச் செடியின் கதை முடிந்தது. அறுகைக் கொத்தி விட்டால், வெட்டுப்பட்ட துண்டுகளில் கணு உள்ள ஒவ்வொன்றும் புதுச் செடியாகக் கிளம்பக்கூடும். ஒன்றை வெட்டினால் ஒழியும், மற்றதை வெட்டினால் பெருகும். இரண்டும் எட்ட நின்று பார்த்தால் ஒரே பச்சை.

புல்லை அடையாளம் காண்பது கடினம் என்று பலர் நினைக்கக் காரணம், பூச்செடிகளைப் பார்க்கும் கண்ணோடு புல்லைப் பார்ப்பதுதான். செம்பருத்தியை நிறத்தால் சொல்லிவிடலாம், வேம்பை இலையின் வடிவத்தால் சொல்லிவிடலாம். புல்லில் நிறமும் உயரமும் இலை நீளமும் நம்பக்கூடிய சாட்சிகள் அல்ல. அதே அறுகு, தண்ணீர் ஓடும் வாய்க்கால் ஓரத்தில் முழங்கால் உயரம்கூட எட்டும். ஆடு மேய்ந்த மேட்டில் ஒரு விரல் உயரத்தில் தரையோடு படுத்துக் கிடக்கும். பங்குனி வெயிலில் சாம்பல் பச்சை, ஐப்பசி மழையில் கரும்பச்சை. மாறுகிறவற்றை விட்டுவிட்டு மாறாதவற்றைத் தேடத் தெரிந்துவிட்டால் புல் எளிது. அந்த மாறாத இடங்கள் பெரும்பாலும் சிறியவை, ஒளிந்திருப்பவை. ஒன்று மண்ணுக்குள், ஒன்று இலையின் இடுக்கில், ஒன்று பூவுக்குள்.

முதலில், இது புல்தானா?

நம் மரபில் புல் என்ற சொல் ரொம்பப் பெரியது. தொல்காப்பியத்தின் மரபியல், வெளிப்புறம் வயிரம் பாய்ந்தவை புல் என்றும், உட்புறம் வயிரம் பாய்ந்தவை மரம் என்றும் பிரிக்கிறது. அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். இன்றைய தாவரவியல் பனையையும் தென்னையையும் தனிக் குடும்பமாக வைத்துவிட்டது. மூங்கிலை மட்டும் புல்லிலேயே விட்டுவைத்தது. நெல், கரும்பு, சோளம், கம்பு, மூங்கில், வெட்டிவேர், அறுகு எல்லாம் போவேசி என்ற ஒரே குடும்பம். 11,000க்கு மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய குடும்பம் அது. கல்யாண வீட்டில் "ஆல்போல் தழைத்து, அறுகுபோல் வேரோடி, மூங்கில்போல் சுற்றம் முசியாமல்" வாழச் சொல்லி வாழ்த்துவார்களே, அதில் ஆலமரம்தான் வெளியாள்; மற்ற இரண்டும் பங்காளிகள்.

புல்லோடு அடிக்கடி குழம்புவது கோரை. பிரித்தறிய விரலே போதும். தண்டின் அடிப்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டுங்கள். கோரைத் தண்டு முக்கோணமாக இருப்பதால் உருளாது, தட்டித் தட்டி நிற்கும். புல் தண்டு உருளையாகவோ கொஞ்சம் தட்டையாகவோ இருக்கும். மூன்று விளிம்பு இருக்காது. அடுத்து, தண்டில் கணு இருக்கிறதா என்று பாருங்கள். கரும்பில் பார்க்கும் அதே கணுதான், சின்னதாக இருக்கும். கோரையின் பூத்தண்டு கணுவே இல்லாமல் அடியிலிருந்து நுனிவரை ஒரே வழவழப்பு. மேலிருந்து நேராகக் குனிந்து பார்த்தால் புல்லின் இலைகள் இடம் வலம் என்று இரண்டே வரிசையில் நிற்கும், கோரையின் இலைகள் மூன்று வரிசையில் நிற்கும். மண்ணைக் கிளறினால் வாசனையோடு கறுத்த கிழங்கு வந்தால் சந்தேகமே வேண்டாம், அது கோரைக்கிழங்கு.

பெயரை வைத்து ஏமாறுவதும் உண்டு. வெள்ளறுகு என்ற மூலிகை நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும். பெயரில் அறுகு இருக்கிறதே தவிர அது புல் இல்லை. எதிரெதிராக இலை விட்டு, இலைக்கக்கத்தில் வெள்ளைப் பூ பூக்கும் கசப்புச் செடி. புல்லுக்கும் அதற்கும் எந்த உறவும் கிடையாது.

பல்லாண்டுக்கு அடையாளம் மண்ணுக்குள்

ஒரு புல் ஓராண்டுப் புல்லா, பல்லாண்டுப் புல்லா என்று கண்டுபிடிக்க ஒரு வருடம் காத்திருக்க வேண்டியதில்லை. அதன் உடம்பே சொல்லும்.

ஓராண்டுப் புல்லுக்கு ஒரே வேலை: மழைக்கு முளைத்து, பூத்து, விதை போட்டுச் சாவது. சேமிப்பு தேவையில்லை. ஆகவே பிடுங்கினால் சல்லி வேர்க் கொத்தோடு லேசாக முழுசாக வந்துவிடும். ஏறக்குறைய எல்லாத் தூரிலும், அதாவது அடியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தண்டிலும், கதிர் இருக்கும். பல்லாண்டுப் புல் அப்படி மொத்தத்தையும் ஒரே ஆண்டில் செலவழிக்காது. பூக்காத தூர்கள் பல இருக்கும். அடியில் போன வருடத்து இலையுறைகள் காய்ந்து நாராய் ஒட்டியிருக்கும். மிக முக்கியமாக, அடுத்த பருவத்துக்கான மொட்டுகளை மண்ணோடு ஒட்டியோ மண்ணுக்குள்ளேயோ பத்திரப்படுத்தி வைத்திருக்கும். வெட்டிவேர் இதைக் குத்தாக, பெரிய தூராக இருந்து செய்கிறது. அறுகு ஓடி ஓடிச் செய்கிறது.

அறுகுக்கு இரண்டு விதமான தண்டுகள். ஒன்று தரைக்கு மேலே ஓடும் தண்டு. பச்சையாக அல்லது வெயில் பட்டுச் செம்பழுப்பாக, மண்ணைத் தொட்டபடி போகும்; கணுவுக்குக் கணு கீழே வேர், மேலே இலைக்கொத்து. இன்னொன்று தரைக்குள் ஓடுவது. பாடப்புத்தகங்கள் மட்டநிலத்தண்டு என்று எழுதும். ஒரு களைக்கொத்தால் அரைச் சாண் ஆழம் தோண்டினாலே வெளியே வரும்: வெள்ளை அல்லது வெளிர்மஞ்சள், நூலைவிடத் தடிப்பு, கெட்டி, நுனி கூர்.

பார்க்கிறவர்கள் அதை வேர் என்றுதான் சொல்வார்கள். வேர் அல்ல, தண்டு. எப்படித் தெரியும்? வேரில் கணு இருக்காது. இதில் குறிப்பிட்ட இடைவெளியில் கணு இருக்கும், ஒவ்வொரு கணுவிலும் காய்ந்த மீன் செதில் போல ஒரு சிற்றிலை தண்டைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். அந்தச் செதிலை நகத்தால் உரித்தால் அதன் கக்கத்தில் ஒரு மொட்டு. இந்தக் கெட்டியான கூர்ச் செதில்களைத்தான் நாயின் பல்லுக்கு ஒப்பிட்டார்கள். சைனோடான் டாக்டிலான் என்பது அறுகின் அறிவியல் பெயர். கிரேக்கத்தில் சைனோடான் என்றால் நாய்ப்பல், டாக்டிலான் என்பது விரலைக் குறிக்கும். மண்ணுக்குள் இருக்கும் அடையாளமும் மண்ணுக்கு மேல் இருக்கும் அடையாளமும் ஒரே பெயருக்குள் அடங்கிவிட்டன. தாவரவியலாளர் லின்னேயஸ் 1753-ல் இதைப் பனிவரகு இருக்கும் பேனிக்கம் பேரினத்தில் சேர்த்திருந்தார். 1805-ல் பெர்சூன் என்ற இன்னொரு தாவரவியலாளர்தான் இப்போதைய பெயருக்கு மாற்றினார். லின்னேயஸின் பெயரில் விரல் மட்டும் இருந்தது, பல் பிறகு வந்து சேர்ந்தது.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கணுவில் வேர் விடுவதை மட்டும் பார்த்து அறுகு என்று முடிவு கட்டக் கூடாது. காக்காய்க்கால் புல் ஓராண்டுப் புல்தான், ஆனாலும் அதுவும் தரையில் படர்ந்து கீழ்க்கணுக்களில் வேர் விடும். தரைமேல் ஓடுவது சந்தேகத்துக்கு ஆதாரம். தரைக்குள் செதிலோடு ஓடுவதுதான் உறுதி. வாழ்த்தில் "அறுகுபோல் வேரோடி" என்று சொன்னவர் தண்டையும் வேரையும் பிரித்துப் பார்த்தாரோ என்னவோ, ஓடுகிற குணத்தைச் சரியாகப் பிடித்துவிட்டார். ஒரு கணுவின் வேர் அறுந்தாலும் அடுத்த கணு தன் சொந்த வேரில் நிற்கும். உழவர்கள் கோடை உழவு ஓட்டி இந்தத் தண்டுகளை மேலே கொண்டுவந்து வெயிலில் காயப் போடுவதும் இதனால்தான். ஈரமுள்ள மண்ணில் அதே உழவை ஓட்டினால் அறுகுக்கு நாற்று நட்டுக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

இலையும் அதன் நாக்கும்

புல்லின் இலை இரண்டு பாகம். அடிப்பாகம் தண்டைச் சுற்றிக் குழல் போலப் போர்த்தியிருக்கும், அது இலையுறை. மேல்பாகம் விலகி நீட்டிக்கொண்டிருக்கும், நாம் வழக்கமாக இலை என்று சொல்வது அதைத்தான், அது இலைத்தாள். இரண்டும் சேரும் இடத்தில், உட்பக்கமாக, தண்டை ஒட்டி ஒரு சின்ன உறுப்பு இருக்கும். லிக்யூல் என்பார்கள், லத்தீனில் சின்ன நாக்கு என்று அர்த்தம். நாமும் நாக்கு என்றே சொல்வோம். பூ இல்லாத காலத்தில் புல்லை அடையாளம் காண இதைவிடப் பெரிய உதவி வேறில்லை. இதைப் பார்க்காமல் புல்லைப் பற்றிப் பேசுகிறவரை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

பார்க்கும் விதம் இது: இலைத்தாளைத் தண்டிலிருந்து மெதுவாகப் பின்னுக்கு வளையுங்கள். மடங்கும் அந்த மூலையை வானத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் போன் கேமராவில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கலாம்.

பலருக்கும் நெல் நாற்று தெரிந்திருக்கும், அதில் பழகுங்கள். நெல்லின் நாக்கு நீளமானது, மெல்லிய வெள்ளைக் காகிதம் போல, நுனி இரண்டாகப் பிளந்தது. பக்கத்தில் நாற்று போலவே நிற்கும் குதிரைவாலிப் புல்லுக்கு அந்த இடத்தில் ஒன்றுமே இருக்காது, மொட்டை. நடவு வயலில் கை வேகமாக ஓடுகிற அனுபவசாலிப் பெண்கள் களையை இதைப் பார்த்தே பிரிப்பார்கள். பெயர் கேட்டால் சொல்லத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும்.

அறுகுக்கு நாக்கு காகிதமாக இருக்காது. குட்டை வெள்ளை முடிகள் வரிசையாக நின்ற விளிம்பு, அவ்வளவுதான். சீப்பின் பல் மாதிரி. அதோடு அந்த மூலையின் இரண்டு ஓரங்களிலும் கொஞ்சம் நீளமான வெள்ளை முடிகள் சில நீட்டிக்கொண்டிருக்கும். வெறும் கண்ணுக்கு முதலில் தட்டுப்படுவது இந்த ஓர முடிகள்தான்.

இலையில் இன்னொரு விசேஷம். புல்லுக்குக் கணுவுக்கு ஓர் இலை, மாறி மாறி, என்பது பொது விதி. ஆனால் அறுகின் ஓடுதண்டைப் பார்த்தால் இலைகள் ஜோடி ஜோடியாக, சில சமயம் மூன்றாக, ஒரே இடத்திலிருந்து எதிரெதிராகக் கிளம்புவது போல இருக்கும். விதி மீறவில்லை. இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள துண்டு கணுவிடை; ஒரு நீளமான கணுவிடைக்கு அடுத்து கண்ணுக்கே தெரியாத அளவு குட்டையான கணுவிடை வருகிறது. அதனால் பக்கத்துப் பக்கத்துக் கணுக்கள் ஒட்டிக்கொண்டு ஒன்றாகத் தெரிகின்றன. தரையில் கிடக்கும் அறுகைப் பத்தடி தூரத்திலிருந்தே நான் யூகிப்பது இந்த ஜோடி இலையை வைத்துத்தான். இலைத்தாள் குறுகல், பெரும்பாலும் 2 முதல் 4 மி.மீ. அகலம், நுனி நோக்கிச் சீராகக் கூர்ந்து போகும். நீளம் வளரும் இடத்தைப் பொறுத்தது, அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

ஐந்து விரல்களின் சிக்கல்

இனி பூ. பெரும்பாலானவர்கள் அறுகை இதை வைத்துத்தான் தெரியும் என்பார்கள்: மெல்லிய தண்டின் உச்சியில் ஒரே புள்ளியிலிருந்து விரிந்த நாலைந்து விரல்கள், குட்டிக் கை மாதிரி. சரிதான். ஆனால் நம் ஊர்ப் புல்லில் பாதி இப்படித்தான் கை விரித்து நிற்கிறது. விரலைப் பார்த்ததும் நின்றுவிடாமல், விரலுக்குள் பார்க்க வேண்டும்.

அறுகின் விரல்கள் பொதுவாக 3 முதல் 6. ஒவ்வொன்றும் 2 முதல் 6 செ.மீ. நீளம், மெலிசு. எல்லாம் ஒரே புள்ளியில் பிறக்கும். ஒரு விரலைப் பறித்துத் திருப்பிப் பாருங்கள். ஒரு பக்கம் வெறும் பச்சை அச்சு, மறுபக்கம் இரண்டு வரிசையில் நெருக்கமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த குட்டிக் கதிர்கள். சிறுகதிர் என்று சொல்வோம். புல்லின் பூவுக்கு அடிப்படை அலகு இந்தச் சிறுகதிர்தான். நெல்லில் ஒரு நெல்மணி என்பது ஒரு சிறுகதிர்; நாம் உமி என்று புடைத்து எறிவது பூவை மூடியிருந்த இரண்டு செதில்கள். அறுகிலும் அதே கட்டுமானம், ஆனால் 2 முதல் 3 மி.மீ. அளவில்.

ஊசி முனையால் ஒரு சிறுகதிரைப் பிரித்தால்: அடியில் குட்டையான இரண்டு வெளிச்செதில், அவற்றுக்குள் ஒரே ஒரு பூ. இந்த "ஒரே ஒரு" என்பது முக்கியம். சிறுகதிர் பக்கவாட்டில் அமுங்கித் தட்டையாக, படகு மாதிரி இருக்கும். காம்பு கிடையாது, அச்சில் நேராக உட்கார்ந்திருக்கும். நுனியில் மீசை, அதாவது முடி போன்ற நீட்டம், கிடையாது. காலையில் பார்த்தால் ஊதா நிறத்தில் இறகு போன்ற இரண்டு சூல்முடிகள் வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். காற்றில் வரும் மகரந்தத்துக்குக் காத்திருக்கும் வலை. புல்லுக்கு வண்டும் தேனீயும் வந்தாக வேண்டிய கட்டாயமில்லை, அதனால்தான் நிறமுள்ள இதழ்களும் இல்லை.

இப்போது மற்றக் கைகளைப் பார்க்கலாம்.

காக்காய்க்கால் புல்: விரல்கள் குட்டை, தடிமன். அறுகுக் கை குழந்தையின் கை என்றால் இது உழைத்த கை. ஒவ்வொரு விரலின் நுனியிலும் அச்சு மட்டும் சிறுகதிர் இல்லாமல் கூராக நீட்டிக்கொண்டிருக்கும், காக்கை நகம் மாதிரி. இந்த நகம் இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டியதில்லை. சிறுகதிருக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட பூக்கள் இருக்கும்.

கேழ்வரகின் காட்டு உறவு ஒன்று நடைபாதை ஓரங்களில் தட்டையாகப் படுத்து நிற்கும், எலூசின் இண்டிகா. கதிரைப் பார்த்தால் இளைத்துப்போன கேழ்வரகுக் கதிர் மாதிரி இருக்கும். அடித்தண்டு நசுக்கினாற்போலத் தட்டை, வெளுப்பு. விரல்களில் ஒன்று பெரும்பாலும் மற்றவற்றோடு சேராமல் ஒரு செ.மீ. போலக் கீழே தனியாக முளைத்திருக்கும். சிறுகதிருக்குள் பல பூக்கள். பிடுங்க முயன்றால் வேர் அவ்வளவு கெட்டியாகப் பிடித்திருக்கும். பல்லாண்டு என்று தோன்றும், ஆனால் மண்ணுக்குள் ஓடும் தண்டு இல்லை. ஓராண்டுப் புல்தான். "லேசாக வந்தால் ஓராண்டு" என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு. அதனால்தான் ஒரு அடையாளத்தை மட்டும் நம்பக் கூடாது என்கிறேன்.

காலி மனைகளிலும் சாலை நடுத்திட்டிலும் ஊதாக் குஞ்சம் கட்டினாற்போல நிற்பது குளோரிஸ் பார்பேட்டா. சில ஊர்களில் மயில்கொண்டைப் புல் என்கிறார்கள். அழகான புல், பெயரும் பொருத்தம். விரல்கள் அதிகம், நிமிர்ந்து குவிந்திருக்கும், சிறுகதிரெல்லாம் மீசை. தொட்டாலே பட்டுப்போல இருக்கும். மீசை இருக்கிறது என்றதுமே அறுகு வழக்கில் விடுதலை.

டிஜிடேரியா என்ற பேரினத்துப் புற்கள்தான் உண்மையிலேயே ஏமாற்றும். விரல்கள் அறுகைப் போலவே மெலிசு, சில சமயம் அதே எண்ணிக்கை. வித்தியாசம் மூன்று. நாக்கைப் பாருங்கள்: முடி வரிசை இல்லை, காகிதம் போன்ற சவ்வு. சிறுகதிரைப் பாருங்கள்: இரண்டிரண்டாக, ஒன்றுக்கு நீளக் காம்பு, மற்றதற்குக் குட்டைக் காம்பு. அமுங்கிய விதத்தைப் பாருங்கள்: அறுகின் சிறுகதிர் பக்கவாட்டில் நசுங்கியது, இதில் முதுகுப்பக்கம் நசுங்கி அச்சின்மேல் குப்புறப் படுத்திருக்கும். இரண்டே இரண்டு விரல், வி எழுத்துப் போலப் பிரிந்து, ஈரமான இடத்தில் நின்றால் அது பெரும்பாலும் பாஸ்பேலம் என்ற வேறொரு பேரினம். அதிகம் யோசிக்க வேண்டாம்.

அறுகின் சொந்தப் பங்காளிகள்

சைனோடான் பேரினத்துக்குள்ளேயே தென்னிந்தியாவில் வேறு இனங்கள் உண்டு. சைனோடான் ரேடியேட்டஸ் என்ற ஒன்று நாக்கிலும் சிறுகதிரிலும் அறுகை ஒத்திருக்கும். ஆனால் அதன் விரல்கள் இன்னும் நீண்டு மெலிந்து வளைந்து தொங்கும், தண்டு தரைமேல் மட்டும் ஓடும், மண்ணுக்குள் மட்டநிலத்தண்டு இருக்காது. பூவை மட்டும் கிள்ளி எடுத்து வந்தவருக்கு இந்த வித்தியாசம் கையை விட்டுப் போய்விடும்.

சைனோடான் பார்பெரி என்ற இன்னொன்றைப் பிரித்து விவரித்துப் பெயர் வைத்தவர்கள் ரங்காச்சாரியாரும் தடுலிங்கமும். கோவை வேளாண் கல்லூரியில் தாவரவியல் கற்பித்த ரங்காச்சாரியார் எழுதிய தென்னிந்தியப் புற்கள் பற்றிய கையேடு 1921-ல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. நாக்கு எப்படி, சிறுகதிர் எப்படி என்று ஒவ்வொரு புல்லையும் பிரித்துக் காட்டும் புத்தகம். கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியத்தில் இன்றைக்கும் காகிதத்தில் ஒட்டிய காய்ந்த புற்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். வேரோடு எடுத்து ஒட்டிய தாளுக்கு மதிப்பு அதிகம், காரணம் மேலே சொன்னதுதான்.

கிரிக்கெட் மைதானத்திலும் கோல்ஃப் மைதானத்திலும் கம்பளம் போல இருப்பதில் பெரும்பகுதி அறுகின் வாரிசுகள்தான். அறுகையும் ஆப்பிரிக்க சைனோடான் ஒன்றையும் சேர்த்து உண்டாக்கிய கலப்பினங்கள் பல. அமெரிக்காவின் ஜார்ஜியாவில் உருவாக்கி 1960-ல் வெளியிட்ட டிஃப்வே அவற்றில் பெயர்பெற்றது. அவற்றின் குரோமோசோம் கணக்கு மூன்றடுக்காக இருப்பதால் விதை பிடிக்காது. விரல் விரிக்கும், மணி இருக்காது. துண்டு நட்டுத்தான் பரப்ப வேண்டும். இலை ரொம்பச் சன்னமாக, நெருக்கமாக இருந்து, கதிரில் ஒரு மணிகூடத் தேறாவிட்டால் இந்தக் கலப்பினத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நர்சரிகளில் கொரியன் கிராஸ் என்று விற்பது வேறு பேரினம், ஜோய்சியா. அதற்கும் தரைக்குள் தண்டு ஓடும், நாக்கிலும் முடிகள் இருக்கும். ஆனால் பூத்தால் கை விரிக்காது. ஒற்றைக் குச்சிபோல ஒரே கதிர். வெட்டிக்கொண்டே இருக்கும் புல்தரையில் பூவைப் பார்ப்பது அரிது, ஒரு மூலையை மூன்று வாரம் வெட்டாமல் விட்டுப் பாருங்கள்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

தொடங்குகிறவர் தெருவில் பார்த்ததையெல்லாம் பெயரிட முயல வேண்டாம். ஒரே இடத்தில் ஒரு அறுகு, ஒரு காக்காய்க்கால், ஒரு கோரை மூன்றையும் வேரோடு எடுத்து, கழுவி, வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வையுங்கள். ஒன்றைத் தனியாகப் பார்த்தால் எல்லாமே சாதாரணமாகத் தெரியும், மூன்றை வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் கண்ணில் ஏறும். ஒரு சாயங்காலம் போதும்.

ஐநேச்சுரலிஸ்ட் போன்ற செயலிகளில் படம் போடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு படம் போடுகிறார்கள், மேலிருந்து எடுத்த பச்சைத் தரை. அதை வைத்து யாரும் எதுவும் சொல்ல முடியாது. செயலி ஏதோ ஒரு பெயரை நீட்டும், நாமும் தலையாட்டிவிடுவோம். நான்கு படம் எடுங்கள்: முழுச் செடி, தோண்டி எடுத்த அடிப்பாகம், இலையை வளைத்த மூலையில் நாக்கு, கதிரின் ஒரு விரல் நெருக்கத்தில். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்தால் அளவு தெரியும். காற்றடிக்கும்போது கதிர் ஆடும், பறித்து உள்ளங்கையில் வைத்து எடுப்பதே உத்தமம்.

சாறுக்குப் பறிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அது அறுகுதான் என்று நாக்கும் விரலும் சொல்லிவிட்டாலும், அது நின்ற இடம் எது என்று புல் சொல்லாது. களைக்கொல்லி அடித்த வரப்பு, சாக்கடை ஓரம், நாய்கள் வழக்கமாக நின்றுவிட்டுப் போகும் கம்பத்தடி எதையும் கைலென்ஸ் காட்டிக்கொடுக்காது. எடுத்த இடத்தை நீங்கள்தான் அறிந்திருக்க வேண்டும்.

பார்த்து முடித்ததும் அந்த மட்டநிலத்தண்டுத் துண்டுகளை எங்கே போடுகிறீர்கள் என்பதிலும் கவனம் வேண்டும். சதுர்த்திக்குப் பிறகு நான் ஆர்வத்தில் பக்கத்து மனையில் தோண்டி எடுத்த நாலைந்து துண்டுகளை, செதிலை உரித்து மொட்டைப் பார்த்துவிட்டு, மாடியில் இருந்த கறிவேப்பிலைத் தொட்டியில் வீசினேன். காய்ந்து போனவை மாதிரிதான் இருந்தன. இப்போது அந்தத் தொட்டியில் கறிவேப்பிலை ஒரு முழம், அறுகு நாலு பக்கமும் விளிம்பைத் தாண்டித் தொங்குகிறது. "இந்த வருஷம் கோயில் வாசல்ல வாங்க வேண்டாம்" என்கிறாள் அம்மா.